பதிவேட்டின்படி தையல்நாயகி

உரச்சாக்கில் எதையோ சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தையல்நாயகி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வாசல் குழாயடியில் மடவை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். முழங்கை வரை செதில். "உள்ள வா தையல், வெயில்ல நிக்கிறியே" என்றேன். வரவில்லை. நின்ற இடத்திலேயே குந்திச் சாக்கைப் பிரித்தாள்.

உள்ளே இருந்தது கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். சாமி படத்துக்கு வைப்பது போல நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தாள். சட்டத்தின் பின்பக்கம் ஒட்டடையும் ஒரு பல்லி முட்டை ஓடும் ஒட்டிக்கொண்டிருந்தன. சுவரிலிருந்து அப்படியே கழற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இத நீங்களே வாங்கிக்குங்க டீச்சர்."

"ஒன் சர்ட்டிபிகேட் எனக்கு எதுக்கு?"

"இது பொய்யின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு எழுதுங்க. ஒரே ஒரு வரி போதும்னு வக்கீலு சொல்றாரு. அத வச்சாத்தான் என் ஒரு மா நெலம் எனக்கு நிக்குமாம்."

மீன் கழுவிய தண்ணீர் ஓடி வந்து அவள் காலை நனைத்தது. அவள் காலை எடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நான் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக என்னை நானே கொஞ்சம் நல்லவளாகக் காட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மாமியாரோடு சண்டை, இடமாறுதலுக்கு அலைந்தது, தலைமையாசிரியர்களோடு மல்லுக்கு நின்றது என்று எல்லாவற்றிலும் நான்தான் ஜெயித்த மாதிரி எழுதியிருக்கிறேன். இந்த வாரம் அப்படி இல்லை. பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வாய்க்காலில் வீசிய மைப்பெட்டி

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கோடியக்கரை போகும் பாதையிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஊர். பேரைச் சொன்னால் ஆள் தெரிந்துவிடும். தையல்நாயகி என்பதும் அவளுடைய நிஜப் பேர் இல்லை. ஆனால் அவள் பேரும் இதே நீளம்தான், எழுதுவதற்கு இதே கஷ்டம்தான்.

நான் அந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. பெரியவர்களுக்கான எழுத்தறிவு மையம் ஒன்று எங்கள் பள்ளிக்கு வந்தது. பொறுப்பு என் தலையில் விழுந்தது. பாடம் நடத்த கவிதா என்று அந்த ஊர்ப் பெண். பன்னிரண்டாவது முடித்தவள். தன்னார்வலர் என்று அவளுக்குப் பேர். அதாவது சம்பளம் கிடையாது என்று அர்த்தம்.

தொடக்க விழாவில் ஏதாவது புதுமையாகச் செய்யுங்கள் என்று மேலிடத்து உத்தரவு. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம். ஊராட்சி ஆபீசிலிருந்து கைநாட்டு வைக்கிற பழைய மைப்பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். ‘கைநாட்டு ஒழிக’ என்று எல்லாப் பெண்களும் கத்த, அதை வாய்க்காலில் வீசச் சொன்னேன். வீசியது தையல்நாயகி. நல்ல வீச்சு. போட்டோ எடுத்தார்கள்.

"அப்பாடி, இனிமே என் தலமுடி தப்பிச்சிது" என்றாள்.

கைநாட்டு வைத்ததும் கட்டை விரல் மையை உச்சந்தலையில் துடைத்துக்கொள்வது எங்கள் பக்கத்துப் பழக்கம். கூட்டுறவுச் சங்கமோ, நூறு நாள் வேலையோ, எங்கே வைத்தாலும் கை தானாகத் தலைக்குப் போகும். அவள் சொன்னதைக் கேட்டு எல்லாரும் சிரித்தோம். வந்திருந்த அதிகாரியும் சிரித்தார்.

மைப்பெட்டி மூழ்கவில்லை. மடையில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது.

"எம்பேரோட வாலு"

தையலுக்கு ஏறக்குறைய என் வயதுதான். ஆனாலும் நான் அவளை ‘நீ’ என்பேன், அவள் என்னை ‘நீங்க’ என்பாள். ஊர் வழக்கம் என்று அதற்கு ஒரு பேர் வைத்துக்கொண்டு நாங்கள் யாரும் யோசிப்பதில்லை.

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் புருஷனைப் பாம்பு கடித்தது. கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்தாள். அப்பாவிடம் இருந்தது ஐந்து மா நிலம். அதில் வாய்க்கால் கரையோரம் ஒரு மாவைக் காட்டி, "இது ஒனக்கும்மா, ஒக்காந்து தின்னு" என்றாராம். ஒரு மா என்றால் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. காட்டியதோடு சரி, எழுத்தில் ஒன்றும் இல்லை. அவர் போன பிறகும் பட்டா அவர் பேரிலேயே கிடந்தது. அந்த ஒரு மாவில் தானே நாற்று விட்டு, தானே நட்டு, தானே அறுத்து, மற்ற நாளில் ஊரார் வயலில் கூலிக்கு நட்டு மகளை ஆளாக்கிக் கட்டிக்கொடுத்தாள்.

மற்றப் பெண்கள் மையத்துக்கு வந்தது நாங்கள் வீடு வீடாகப் போய் இழுத்ததால். தையல் தானாக வந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"என்னிக்காவது பட்டாவுல எம்பேரு வரும்ல டீச்சர். அது எங்க இருக்குன்னு எவங்கிட்டயும் கேக்காம நானே வெரல வச்சுக் காட்டணும். வேற ஒண்ணும் வேணாம்."

கவிதா ‘அ’விலிருந்து ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். பத்து நாளில் உத்தரவு வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்; ஒவ்வொருவரும் போடுவதைப் படம் எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். அகர வரிசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவரவர் பேரை மட்டும் எழுத வைத்தோம். தையலுக்கு ஆறு எழுத்து. வரப்புச் சேற்றில் அரிவாள் நுனியால் எழுதுவாள். மழை அழித்தால் மறுபடி எழுதுவாள். மாதக் கடைசியில் நடுங்காமல் போட்டாள்.

ஒரு நாள் அவள் எழுதிய பேரில் மற்ற எழுத்துகளை விரலால் மறைத்துக் கடைசியில் இருந்த ‘கி’யை மட்டும் காட்டி, "இது என்ன எழுத்து?" என்று கேட்டேன். நெடுநேரம் பார்த்தாள்.

"எம்பேரோட வாலு" என்றாள்.

ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். கோலம் போடுகிற மாதிரி அவள் தன் பேரைப் போடக் கற்றிருந்தாள். அதில் ஓர் எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. கவிதாதான் சிரிக்கவில்லை. "இவங்களுக்கு இன்னும் ஒரு வருசமாவது வேணும் டீச்சர்" என்றாள். "அத நம்ம கேக்க முடியுமா? குடுத்த நாளுக்குள்ள முடிச்சுக் காட்டு" என்றேன். பெரிய அதிகாரி மாதிரி சொன்னேன்.

சைக்கிளில் போன மாணவி

இந்த வித்தை எனக்குப் புதிதில்லை. நான் கல்லூரிப் பெண்ணாக இருந்தபோதும் இப்படி ஓர் எழுத்தறிவு இயக்கம் ஊர் ஊராக வந்தது. ஆடிப்பாடி அமர்க்களம் செய்தோம். கடைசியில் சோதிக்க வெளியூர் ஆள் வந்தபோது, எங்கள் சுற்று வட்டாரத்தில் தடங்கல் இல்லாமல் படிக்கக்கூடியவள் அலமேலு ஒருத்திதான். அவளைச் சைக்கிள் கேரியரில் வைத்து ஊருக்கு ஊர் கொண்டுபோய் முதல் வரிசையில் உட்கார வைத்தோம். மூன்றாவது ஊரில் அந்த ஆள் கண்ணைச் சுருக்கினார்.

"உங்கள நேத்து எங்கயோ பாத்த மாதிரி இருக்கேம்மா?"

"அது எங்க அக்காவா இருக்கும் சார்" என்றாள் அலமேலு, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எத்தனை கல்யாண வீட்டில் சிரித்திருப்போம்! இப்போது யாராவது ஞாபகப்படுத்தினால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கூத்தாநல்லூரில் கொஞ்ச நாள் கணக்கெடுப்பு வேலை பார்த்தேன். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர். எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டேன். "அவங்களுக்குத் தமிழ் தெரியாது" என்றார்கள் வீட்டில். ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். மலேயாவில் இருந்த கணவரும் அவரும் வாலிப காலத்தில் எழுதிக்கொண்ட கடிதங்கள். எழுத்து அரபு, பேச்சு நம் தமிழ். கடகடவென்று படித்துக் காட்டினார். ‘தம்பி மகளுக்கு இடுப்பு வலி கண்டிருக்கு’ என்கிற வரியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் டிக்கை மாற்றவில்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை. அன்றைக்கு அது எனக்கு உறுத்தவும் இல்லை.

முறைத் தண்ணீர் வந்த வாரம்

தையலுக்கு வருகிறேன். தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து சாயங்காலம் வரை எப்போது வேண்டுமானாலும் வந்து எழுதலாம் என்று பெரிய மனசோடு அறிவித்திருந்தார்கள். ஆனால் அந்த வருஷம் கடைமடையில் இருக்கும் எங்களுக்குத் தண்ணீர் பிந்தி வந்தது. வாய்க்காலுக்கு வாய்க்கால் முறை வைத்து விட்டார்கள். எங்கள் முறை சரியாக அந்த வாரம். தண்ணீர் நிற்கும் நாலைந்து நாளுக்குள் நட்டால் உண்டு. விட்டால் நாற்று முற்றிப் பாழாய்ப் போகும். எந்தப் பெண் கரையேறிப் பரீட்சைக்கு வருவாள்?

பதினோரு மணிக்கு வகுப்பறையில் நானும் கவிதாவும் ஒரு பூனையும். ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். ஒன்றியத்தில் இருந்த மையங்களுக்கெல்லாம் அவர்தான் தலை.

"டீச்சர், எல்லா சென்டர் போட்டோவும் வந்துடுச்சு. உங்களது மட்டும் ஆப்புல செவப்பாவே காட்டுது."

"எல்லாரும் நடவுல நிக்கிறாங்க சார். வேற நாள் வைக்க முடியுமா?"

"நடவு எல்லா ஊர்லயும்தான் நடக்குது. நீங்க சீனியர். உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

அவர் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கவிதா வயலுக்கு ஓடி அவர்களைக் கூட்டி வந்தாள். முழங்கால் வரை சேற்றோடு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. கேள்வித்தாளைக் கையில் பிடித்தபடி ஒரு போட்டோ. கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டார்கள்.

தையல் மட்டும் எழுந்திருக்கவில்லை. "நா இருந்து எழுதிப் பாக்கட்டுமா டீச்சர்?" என்றாள். வெளியே அவள் கூட்டத்துப் பெண் கூப்பிட்டாள், "ஏ தையலு, நாத்து காயுதுடி!"

"நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"அப்ப இந்தத் தாளையாவது குடுங்க. வீட்டுல வச்சு எழுத்துக் கூட்டிப் பாக்குறேன்."

"அதெல்லாம் வெளில போகக் கூடாது தையல். ரூல்ஸ்."

ரூல்ஸ்! அந்த வார்த்தை என் வாயில் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நானும் கவிதாவும் இருபது பேரின் பரீட்சையையும் எழுதினோம். எல்லாம் ஒரே கையெழுத்தாக இருக்கக் கூடாதென்று பேனாவை மாற்றினோம். கவிதா சாய்த்து எழுதினாள். நான் சிலருக்கு இடது கையால் எழுதினேன். கீழே தரையில் சேற்றுக் கால்தடம் காய்ந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

தையலுடைய தாளை நான்தான் எழுதினேன். அதில் படித்து விடை எழுத ஒரு சின்னப் பகுதி உண்டு. யாரோ ஒருவர் படிக்காமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு ஏமாந்துபோகிற கதை. கடைசிக் கேள்வி, ‘கையெழுத்திடும் முன் நாம் என்ன செய்ய வேண்டும்?’ இடது கையால், கோணல்மாணலாக, ‘படித்துப் பார்க்க வேண்டும்’ என்று எழுதினேன். நம்பும்படி இருக்கட்டுமே என்று ஒரு புள்ளியை வேண்டுமென்றே விட்டேன். பிறகு திருத்துகிற ஆளாக மாறிச் சிவப்பு மையால் அந்தப் புள்ளிக்கு அரை மார்க் குறைத்தேன். நேர்மையாம்!

மொத்தத்தில் அவளுக்கே மற்றவர்களைவிட அதிக மார்க் போட்டேன். பிரியத்தில் போட்டது அது.

பிறகு மேற்பார்வைக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள், விடைத்தாளை எண்ணினார்கள், போட்டோவில் முகம் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஒருவராவது ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, இந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது, படி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மானம் போயிருக்கும். தையலுடைய நிலம் போயிருக்காது.

ஊர் முழுக்க எழுத்தறிவு பெற்றுவிட்டது என்று மையத்தை மூடினார்கள். எனக்கு ஒரு சால்வையும் கவிதாவுக்கு ஒரு பேனாவும் கிடைத்தன. எல்லாருக்கும் முன்னால் தையலைத்தான் மேடைக்கு அழைத்துச் சான்றிதழ் கொடுத்தோம். அவள் அதைக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டாள்.

அவள் படித்த ஒரே சொல்

தையலின் அண்ணனைக் கெட்டவன் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். பொங்கலுக்குப் பொங்கல் தங்கச்சிக்குச் சீர் கொண்டுவந்து வைப்பவன். ஒரு நாள் வந்து, "பட்டாவுல ஒம்பேரையும் ஏத்திடலாம் தையலு, ஆபீசுக்கு வா" என்றிருக்கிறான். அவள் பெட்டியிலிருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள்.

பத்திரம் எழுதுகிறவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைப்பதென்றால், பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள். படித்துக் காட்டிப் புரிந்துகொண்டார் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்த பிறகுதான் விரலைப் பிடித்து மையில் வைப்பார்கள். கையெழுத்துப் போடுகிறவருக்கு அதெல்லாம் கிடையாது. அவரே படித்திருப்பார் என்று கணக்கு.

"கைநாட்டா, கையெழுத்தாம்மா?" என்று கேட்டிருக்கிறார் அவர்.

"கையெழுத்துதாங்க. நா பரீட்ச எழுதிப் பாஸானவ."

அவர் மைப்பெட்டியை மூடிவிட்டார். பத்திரத்தை அவளிடமே கொடுத்தார். அவள் அதை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டே போனாள். மூன்றாவது நாலாவது வரியில் விரல் நின்றது. தையல்நாயகி. அவளுடைய ஆறு எழுத்து. யாரையும் கேட்காமல் அவளே கண்டுபிடித்துவிட்டாள். "இந்தா இருக்கு எம்பேரு" என்று அண்ணனிடம் காட்டினாளாம். "ஆமா, இருக்கு பாரு" என்றானாம் அவன்.

அது விடுதலைப் பத்திரம். தையல்நாயகி ஆகிய நான், என் தகப்பனார் சொத்தில் எனக்குள்ள பாகத்தை என் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தேன் என்று எழுதின பத்திரம். பேர் இருந்தது வாஸ்தவம்தான். பதிவு செய்கிற அதிகாரி, "படிச்சுப் பாத்தீங்களாம்மா, சம்மதமா?" என்று கேட்டதற்கும், "பாத்தேங்க, எம்பேரு இருக்கு, சம்மதம்" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த சம்பாவுக்கு நாற்றங்கால் அடிக்கப் போனபோது அவளுடைய ஒரு மாவில் அண்ணனின் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. "ஒனக்கு ஏது இதுல பாத்தியதை? எழுதிக் குடுத்துட்டல்ல?" என்றான். அவள் ஜமாபந்தியில் மனுக் கொடுத்தாள். கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். இலவசமாக வாதாடும் வக்கீல் ஒருவர் கிடைத்தார். அண்ணன் தரப்பில் பத்திரத்தோடு ஒரு நகலையும் வைத்திருந்தார்கள். தங்கச்சி வீட்டுச் சுவரிலிருந்த சான்றிதழை அவன் எப்போதோ செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கிறான். அதில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று.

ஒரு வரி

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் என் வாசலில் குந்தியிருந்தாள்.

"ஒரு வாரம் பொறு தையல், நான் பேசிட்டு சொல்றேன்" என்றேன். சட்டத்தை நான் வாங்கிக்கொள்ளவில்லை. மீன் வாசனைக் கையோடு வாங்க மனசில்லை என்று ஒரு சாக்கும் சொன்னேன்.

ஒருங்கிணைப்பாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "நல்லா யோசிங்க டீச்சர். ஒரு தாள் பொய்யின்னா மீதிப் பத்தொம்பது தாளும் பொய்தான். உங்க சென்டர் பொய்யின்னா ஒன்றியத்துல எந்த சென்டர் நெசம்? அந்தப் பொண்ணு கவிதாவுக்கு இப்பத்தான் அங்கன்வாடியில வேலை கெடச்சிருக்கு. உங்களுக்கு ரிடையர்டாக மூணு வருசம் இருக்கு. கிணறு வெட்ட பூதம் கெளம்பிடும்."

கவிதாவுக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவிதாவைக் கேட்டிருந்தால் அவள் உண்மையைச் சொல்லுங்க என்றிருப்பாள். அதனால்தான் அவளைக் கேட்கவே இல்லை. பயந்தது நான். என் பேர், என் சால்வை, என் கடைசி மூன்று வருஷம்.

வக்கீல் எழுத்தில் விளக்கம் கேட்டு அனுப்பினார். ராத்தூக்கம் கெட்டு நான் எழுதிக் கொடுத்த பதில் இதுதான்: ‘மையத்தின் பதிவேட்டின்படி மேற்படி நபர் தேர்ச்சி பெற்றவர் ஆவார்.’ பதிவேட்டின்படி! எவ்வளவு சௌகரியமான வார்த்தை. பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அந்த ஒரு சொல்லில் பேஷாக மறைக்கலாம்.

தையல் அதை யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அப்படித் தூற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாட்சிக்காரன் கால்ல விழுறதவிட சண்டைக்காரன் கால்ல விழலாம்னு எங்கப்பா சொல்லுவாரு. நா எங்கண்ணன்கிட்டயே போயிக் கேட்டுக்கறேன் டீச்சர்" என்றாள்.

போனாள், கேட்டாள். அவன் சிரித்து அனுப்பிவிட்டான். கேஸும் நிற்கவில்லை. அந்த ஐந்து மாவும் இப்போது இறால் குட்டை. வாய்க்கால் கரையோரம், அவள் நட்ட இடத்தில், தண்ணீரைக் கடைகிற மிஷின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது அந்தச் சத்தம் கேட்கும். நான் மறுபக்கத்து ஜன்னலைப் பார்த்து உட்காருவேன்.

அவள் கேட்ட வரியை இப்போது எழுதுகிறேன். தையல்நாயகிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் பரீட்சையை எழுதியது நான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதிலும் அவள் பேரை மாற்றி வைத்து எழுதுகிறேன். இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய் எந்த ஆபீசில் நீட்டினாலும் அவளுக்கு உதவாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

கட்டை விரல்

நான் ஓய்வு பெறுவதற்கு முன், கடைசிக் கோடை விடுமுறையில் ஒரு நாள். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன். தையல் வந்தாள். மகளுடைய மகள் எங்கள் பள்ளியில்தான் படித்தாள். வாங்கிக்கொண்டதற்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பழக்கத்தில் பேனாவை அவள் பக்கம் தள்ளினேன்.

"கைநாட்டு வைக்கிறேன் டீச்சர்."

"நீதான் நல்லா கையெழுத்துப் போடுவியே?"

"போடுவேன். ஆனா கைநாட்டுக்குத்தான் படிச்சுக் காட்டுவாங்க."

மைப்பெட்டியைத் தேடினேன். கைநாட்டு இல்லாத ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மைப்பெட்டி ஏது? தலைமையாசிரியர் மேஜையிலிருந்து, ரப்பர் ஸ்டாம்பு குத்துகிற ஊதா மை பேடு ஒன்றை எடுத்து வந்தேன். சான்றிதழை முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன். பிள்ளையின் பேர், அப்பா பேர், பிறந்த தேதி, மச்ச அடையாளம், நடத்தை நன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அவ்ளோதானா? எதையும் விட்டுடலயே?"

"அவ்வளவுதான் தையல்."

சற்று யோசித்தாள். தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்க டீச்சர், இந்தா வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சத்துணவுக் கூடத்து வாசலில் அமைப்பாளர் அம்மா கணக்கு முடித்துக்கொண்டிருந்தார். தையல் தாளை அவரிடம் நீட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தையல் குனிந்து, ஒரு வரிக்கு ஒரு தரம் தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் படித்ததோடு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறாள் என்று தெரிந்தது.

திரும்பி வந்து கட்டை விரலை நீட்டினாள். நான் மை பேடு நகராமல் பிடித்துக்கொண்டேன். பதிவேட்டில் அழுத்தி வைத்தாள். கை தானாக உச்சந்தலைக்குப் போனது. முடி முழுக்க வெளுத்திருந்தது. ஊதா மை அதில் தெளிவாகத் தெரிந்தது. சான்றிதழை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசல் வரை போனவள் நின்று திரும்பினாள்.

"அந்த அம்மாவும் அதேதான் படிச்சாங்க" என்றாள். "நீங்க சரியாத்தான் படிச்சிருக்கீங்க டீச்சர்."